நிற்கக் கூடாத தண்ணீர்

தண்ணீர் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. தோமித்தீலா குளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, வெள்ளைப் பூச்சின் மேல் ஈரக்கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கும்போது அது நகரவில்லை. காட்டத்தி மரத்தடியில் படுத்திருந்த பூச்சு வேலைக்காரர்கள் பக்கம் தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தால் விரல் அகலம் ஏறியிருந்தது.

நேற்று மாலைதான் பூசி முடித்தார்கள். வெள்ளைச் சிமெண்டும் பளிங்குத் தூளும் கலந்த பூச்சு. இன்னும் பச்சையாக இருந்தது. விடிந்ததும் ஊற்று வாய்க்காலிலிருந்து கித்தான் குழாய் வழியாகத் தண்ணீரை விட்டிருந்தாள். குழாயின் வாயில் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டி ஆழமான மூலையில் வைத்திருந்தாள். தண்ணீர் பூச்சின் மேல் கொட்டக் கூடாது, கசிய வேண்டும். சுவரின் மேல்பாதியில் நனைத்த சாக்குகள் தொங்கின. வெயில் அவற்றை உலர்த்த உலர்த்த அவள் வாளியோடு சுற்றி வந்தாள்.

விட ஆரம்பித்த தண்ணீர் விளிம்பு ஓட்டைத் தொடும்வரை நிற்கக் கூடாது. நின்றால், நின்ற உயரத்தில் குளத்தைச் சுற்றி ஒரு வளையம் விழும். நீருக்குள் இருக்கும் பூச்சு ஒரு விதமாக இறுகும், வெயிலில் கிடப்பது வேறு விதமாக இறுகும். இரண்டும் சந்திக்கும் கோடு பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கோட்டில்தான் முதல் பாசி பிடிக்கும். முதல் செதிலும் அங்கேதான் உதிரும்.

நண்பகல் மணி அடித்ததும் ஊற்றின் முறை மாறும். குளத்தின் முறை முடிந்து கரும்பின் முறை தொடங்கும். குளம் நிரம்ப நாளைக் காலை ஆகும்.

"மேஸ்திரி, மணி என்ன?"

மேஸ்திரி லிப்ராதோ முகத்தை மூடியிருந்த தொப்பியை எடுக்கவில்லை. அம்மா என்கிற மரியாதையில் அவளைத் தோனியா என்றுதான் அழைப்பார். "காலையிலேர்ந்து இதையே கேக்கறீங்க தோனியா தோமி. கேட்டா நிக்கவா போவுது?"

"வெள்ளிக்கிழமை பூசியிருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்?"

"வெள்ளிக்கிழமை தெபல்சிங்கோ திருவிழா. நஸரேனாருக்கு நேர்ந்துகிட்டது. சாமி, இந்தம்மா குளத்தைப் பூசிட்டு வரேன், கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு அவருகிட்ட சொல்ல முடியுமா?"

"கும்பிடப் போன மூஞ்சி மாதிரி தெரியல. இன்னும் வீங்கியிருக்கு."

மற்ற இருவரும் படுத்தபடியே சிரித்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு வாய் இல்லை. தெபல்சிங்கோவில் நஸரேனார் இயேசுவுக்குத் திருவிழா நடக்கும் தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளியன்று இந்தப் பக்கத்தில் எந்தக் கொத்தனாரும் கரணையைத் தொட மாட்டான். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறாள். பளிங்குத் தூளின் நயம், சிமெண்டின் வயது, வெயில், காற்று எல்லாவற்றையும் யோசித்தவள் திருவிழாவை மறந்துபோனாள். வேலையை அடுத்த முறைக்குத் தள்ளவும் வழியில்லை. பூச்சு நீருக்கடியில் ஆற நாள் வேண்டும். அது ஆறுவதற்குள் புனித வாரம் வந்துவிடும். தலைநகரத்திலிருந்து பேருந்து பேருந்தாகக் கூட்டம் இறங்கும். எனவே, குளத்தின் முறைக்குள் நிரம்பாது என்று தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை பூசச் சொன்னாள். அடுத்த முறை கரும்புக்காரர் கூகோவுடையதுதானே, விட்டுக்கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கூகோ அவள் மகளின் ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கொமாத்ரே. முடியாது என்று சொல்ல மாட்டார். அப்படி நினைத்தாளே தவிர, அவரிடம் கேட்கவில்லை.

சான் எபிஃபானியோவின் நீச்சல் குளங்கள் இரண்டும், பெரியதும் பழையதும், ஊருக்குப் பொது. நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் கூட்டாக நடத்துகின்றன. தோமித்தீலாவுக்கு நிலம் இல்லை. அவள் கணவன் எலாதியோ குளக்காவலராக இருந்தார். அவருடைய காலத்தில் ஒவ்வொரு புனித வாரத்துக்கும் முன்னால் குளத்தை வற்றவைத்து, சுவரில் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். பச்சைப் புகை எழும்பும். பாசியும் கறையும் போய்க் குளம் பல் மாதிரி வெளுக்கும். நகரத்துக்காரர்களுக்கு வெள்ளை பிடிக்கும். ஆனால் ஆசிட் கறையோடு பூச்சையும் தின்றது. வருடத்துக்கு ஒரு தோல் உரிந்தது. தரை உப்புத்தாள் மாதிரி ஆனது. குழந்தைகள் பாதத்தில் ரத்தத்தோடு ஏறி வந்தார்கள். சறுக்கி உட்கார்ந்த பெரியவர்களின் நீச்சல் உடை பின்னால் கிழிந்தது. அதை மறைக்க நீலப் பெயிண்ட் அடித்தார்கள். அது சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து, குளித்தவர்கள் நீல முதுகோடு வீட்டுக்குப் போனார்கள். பெயிண்டைப் போக்க மறுபடி ஆசிட்.

எலாதியோவின் நெஞ்சு எப்போது கெட்டது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் ஆசிட் நாட்களில் மட்டும் இருமினார். பிறகு மழைக்காலத்தில். பிறகு எப்போதும். இப்போது கிழங்கு மூட்டையைத் தூக்கக்கூட மூச்சு போதவில்லை. காவல் வேலை அவள் கைக்கு வந்தது. ஆசிட் வாளியும் கூடவே வந்தது. முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு அவளும் ஊற்றினாள்.

பிறகு ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, பெரிய குளத்தை அடிவரை கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும் என்றாள். மென்மையான பிரஷால் நாள்தோறும் தேய்த்து, தண்ணீரின் காரத்தையும் புளிப்பையும் பார்த்துக்கொண்டால் ஆசிட்டே வேண்டாம், பூச்சு நம் பேரப்பிள்ளைகள் வரை நிற்கும் என்றாள். கூட்டத்தில் ஒருவர், "எங்க பேரப்பிள்ளைங்க எல்லாம் சிகாகோவுல இல்ல இருக்கு" என்றார். சிரிப்பு அடங்கியதும் தலைவர் வுல்ஃப்ரானோ ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"பூசுங்க. ஒரு கறை, ஒரு கோடு தெரிஞ்சாலும் அடுத்த வருஷத்துலேர்ந்து பழையபடி ஆசிட். ஊத்த உங்களுக்குக் கஷ்டமா இருந்தா உங்க மருமகன் இருக்கான். பலசாலி."

மருமகன் சரி என்று தலையாட்டியதை அவள் பார்த்தாள். அவனுக்கு வேலை இல்லை.

*

வாளியை லிப்ராதோவின் பக்கத்தில் வைத்தாள். "சாக்கு காயாம பாத்துக்கங்க. நான் மடை வரைக்கும் போயிட்டு வரேன்."

"நான் பூசறவன் தோனியா. நனைக்கறவன் இல்ல."

"நஸரேனாருக்குப் புண்ணியமாப் போகட்டும். நனைங்க."

அவர் முனகிக்கொண்டு எழுந்தார்.

மடையில் இருவர் இருந்தார்கள். மடைக்காரர் திபுர்சியோ கல்லில் உட்கார்ந்து சோளப் பணியாரம் தின்றுகொண்டிருந்தார். கூகோ மண்வெட்டியை ஊன்றி நின்றிருந்தார். முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டித் தயாராக இருந்தார்.

"வாங்க கொமாத்ரே. குளம் புதுமணப்பொண்ணு மாதிரி இருக்காமே. ஊரே பேசுது."

"அதுக்குத்தான் வந்தேன் கொம்பாத்ரே. நாளைக்குக் காலையில வரைக்கும் ஊத்தை விட்டுக் குடுங்க."

கூகோவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "நாளைக்குக் காலையில வரைக்கும்னா என் முறை முழுக்க."

"நடுவுல நின்னா பூச்சு கெட்டுடும்."

"கரும்பு கெடாதா? ஆலைக்காரன் லாரி அனுப்பறேன் அனுப்பறேன்னு இழுத்தடிச்சு, போன வாரம்தான் வெட்டுனேன். வெட்டுன தூரெல்லாம் காஞ்சு கெடக்கு, மறுதாம்பு துளிர்க்காது. இன்னிக்குத் தண்ணி காட்டலன்னா அடுத்து எனக்கு எப்ப வரும்னு இவரைக் கேளுங்க."

"அதுக்குள்ள விறகாயிடும்," என்றார் திபுர்சியோ வாய் நிறையப் பணியாரத்தோடு.

"பின்னாடி இருக்கறவங்களை ஒரு நாள் தள்ளிப் போகச் சொன்னா?"

"தோனியா, முன்னாடி ஒரு தரம் அரை நாளு தள்ளச் சொன்னதுக்கே ரெண்டு குடும்பம் இன்னும் ஒரே பூசைக்கு வர்றதில்ல. ஒண்ணு காலையில வருது, ஒண்ணு சாயங்காலம் வருது. சாமியாருக்குத்தான் ரெட்டை வேலை," என்றார் திபுர்சியோ.

"அப்ப பாதித் தண்ணி. குளத்துக்குப் பாதி, கரும்புக்குப் பாதி."

கூகோ மண்வெட்டியால் தரையைத் தட்டினார். "பாதித் தண்ணி பாதி வயலுக்குப் பாயும்னு கணக்குப் போடறீங்களா? தலைமாட்டுலேயே மண்ணு குடிச்சிடும். கடைசி சாலுக்கு ஒரு சொட்டு வராது. உங்களுக்கு நிலம் இருந்திருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டீங்க."

அது தைத்தது. அவள் காட்டிக்கொள்ளவில்லை. "என் பொண்ணைத் தூக்கி ஞானஸ்நானத் தொட்டிமேல பிடிச்ச கை அது."

"அதே கையாலதான் கரும்பும் நட்டேன்." பிறகு குரலை இறக்கினார். "கோவப்படாதீங்க. நான் கேக்கறேன், அங்க பழைய குளம் நெறையத் தண்ணி சும்மா கெடக்கு. தவளைதான் குளிக்குது. அதை மூடி வச்சுக்கிட்டு என் தண்ணிக்கு வந்து நிக்கறீங்களே, நியாயமா?"

திபுர்சியோ சிரித்தார். தோமித்தீலா சிரிக்கவில்லை. பழைய குளம் மேட்டில் இருந்தது. அதன் வடிகால் கூகோவின் வயல் தலைமாட்டில்தான் விழும்.

"அந்தத் தண்ணியைக் குடுத்தா எடுத்துப்பீங்களா?"

கூகோ அவளை உற்றுப் பார்த்தார். வேடிக்கைக்குச் சொன்னது கையைப் பிடித்து இழுக்கிறது. "மருந்து போட்ட தண்ணி. கரும்பைச் சுட்டுடும்."

"பெரிய குளத்து வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து அதுல மருந்தே போடல. இருந்ததையும் வெயில் தின்னுருக்கும். தவளை குளிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் யோசித்தார். "கடைசி சால் நனையணும். நடுவுல நின்னுச்சுன்னா நானே வந்து இந்தப் பலகையைத் தூக்குவேன். அப்ப கொமாத்ரேன்னு பாக்க மாட்டேன்."

"பாக்க வேண்டாம்."

"அப்ப ஊத்து குளத்துக்கே போவுதா?" என்றார் திபுர்சியோ கையைத் துடைத்தபடி. "யாராவது ஒருத்தர் தெளிவாச் சொல்லுங்க. மணி அடிக்கப்போறாங்க."

இருவரும் ஒரே நேரத்தில் "ஆமா" என்றார்கள். கோயில் மணி அடித்தது. மடைப்பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

*

இப்போதெல்லாம் பழைய குளத்தை யாரும் முழுக்க வற்றவைப்பதில்லை. காரணம் ஊரில் பலருக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை. ஒரு வருடம் புனித வாரம் வரை காத்திராமல், மழை முடிந்ததும் எலாதியோ ஆசிட் ஊற்ற அதைக் காலி செய்தார். மறுநாள் காலையில் தரையின் நடுவில் மேடு. தோசைக்கல்லில் சோள அடை உப்புவது மாதிரி குளத்தின் அடி உப்பியிருந்தது. ஊற்று அந்தக் குளத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. மேலே தண்ணீர் இருக்கும்வரை அதன் பாரம் தரையை அழுத்திப் பிடிக்கும். பாரம் போனால் கீழே இருக்கும் தண்ணீர் தள்ளும். அன்று விரிசலை அடைத்து, மேடு தட்டி, பெயிண்ட் அடித்து மறைத்தார்கள். இன்னொரு முறை உப்பினால் குளம் இரண்டாகப் பிளக்கும். புனித வாரத்தில் கூட்டத்துக்குக் காட்ட மேட்டில் ஓர் உடைந்த தொட்டிதான் இருக்கும்.

இது மழையில்லாத காலம். ஊற்றின் அடிமட்டம் இறங்கியிருக்கும். எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

வடிகால் சக்கரத்தில் கை வைக்கும் முன் வுல்ஃப்ரானோவுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் ஒரு சேவல் கத்தியது. 

"தோமி, நான் இப்ப குவாவுத்லா டவுனுல இருக்கேன்."

"உங்க வீட்டுச் சேவல் கத்துது."

"குவாவுத்லாவுலயும் சேவல் இருக்கு. நான் ஒண்ணும் கேக்கல. நீங்க எதுவும் சொல்லல. நல்லாப் போனா நாம சேர்ந்து முடிவு பண்ணோம்."

"கெட்டுப் போனா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

சக்கரத்தைத் திருப்பினாள். வடிகால் குழாய் இருமி, காற்றைக் கக்கி, பிறகு முழு வாயோடு கொட்டத் தொடங்கியது. கீழே கூகோ முதல் சாலின் கரையை வெட்டினார். பழுப்பு மண் கறுத்தது.

அவள் இரண்டு குளங்களுக்கும் நடுவில் நடந்தாள். பெரிய குளத்தில் கோடு ஏறியது. பழைய குளத்தில் இறங்கியது. இறங்கிய இடத்தில் பாசி படிந்த நீலச் சுவர் வெளிப்பட்டது. செதில் செதிலாகப் பெயிண்ட் தொங்கியது. லிப்ராதோவும் ஆட்களும் சாக்குகளை நனைத்தார்கள். இப்போது அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எலாதியோ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஓட்ட மூச்சு இல்லாததால் உருட்டுவார். செய்தி எப்படி எட்டியதோ தெரியவில்லை.

"ஏ கிழவி, பழசைத் தொறந்துட்டியாமே."

"தொறந்துட்டேன்."

"மூடு."

"மூடினா கூகோ ஊத்தைத் திருப்பிடுவார்."

அவர் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். "எது வரைக்கும்?"

"கடைசி சால் வரைக்கும்."

"கட்டுனவன் அடியில ஒரு ஓட்டை விட்டிருந்தான்," என்றார் எலாதியோ. மூச்சு வாங்கிக்கொண்டார். "தக்கை போட்டு. கீழ் தண்ணி தள்ளுனா அது வழியா உள்ள வந்துடட்டும்னு. அது ஒழுகிக்கிட்டே இருந்துச்சா, நான்தான் சிமெண்ட் போட்டு அடைச்சேன். ஆசிட்டுக்குத் தரை காயணுமில்ல."

"எங்க?"

"ஆழமான பக்கம். நெறைய பெயிண்டுக்குக் கீழ."

"ஆழமான பக்கம் எங்க கிழவா?"

அவர் கண்ணை மூடினார். "அடைச்ச அன்னிக்குப் புகை தாங்கல. தலை சுத்துச்சு. ஏணிக்குக் கீழ காலை வச்சு, அப்படியே மல்லாந்து படுத்துட்டேன். காதுக்குக் கீழ தண்ணி ஓடற சத்தம் கேட்டுச்சு. அடைச்ச எடம் என் தலைகிட்டதான்."

வெயில் சாயத் தொடங்கியபோது பழைய குளத்தில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. கூகோவின் வயலில் பாதிக்கு மேல் கறுத்திருந்தது. கடைசிச் சால்கள் இன்னும் வெளுப்பாகக் கிடந்தன. தண்ணீர் தொடை அளவுக்கு இறங்கியபோது தரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓட்டின் மேல் கல் விழுந்த மாதிரி. பிறகு இன்னொன்று.

லிப்ராதோ நனைப்பதை நிறுத்தினார். "தோனியா, அது என்ன?"

"கடப்பாரை இருக்கா?"

"இருக்கு."

"கொண்டாங்க."

பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். பாசி வழுக்கியது. வெயிலில் காய்ந்த தண்ணீர் கஞ்சி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ஏணியின் அடியில் பாதத்தை வைத்து, உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து படுத்தாள். தண்ணீர் முகத்தை மூடியது. கையைத் தலைக்கு மேல் நீட்டித் தரையைத் தடவினாள். எலாதியோ அவளைவிட ஒரு தலை உயரம். மூச்சு முட்டியதும் எழுந்தாள்.

"இன்னும் தள்ளி," என்றார் மேலேயிருந்து எலாதியோ. "நீ குள்ளம்."

"கட்டிக்கும்போது தெரியலியா?"

லிப்ராதோ கடப்பாரையோடு இறங்கி, அவள் காட்டிய இடத்தில் ஒரு போடு போட்டார். கெட்டியான சத்தம். இன்னொரு போடு. அதே சத்தம். தரையில் மறுபடி அந்தச் சத்தம் தெறித்தது, இம்முறை காலுக்கடியிலேயே. எலாதியோ எழுந்து நின்றுவிட்டார்.

"ஏறி வந்துடு தோமி. போனா போவுது. ஏறி வா."

வயலிலிருந்து கூகோ கத்தினார்: "தண்ணி கொறையுது! என்ன ஆச்சு?"

 அவள் கால் விரல்களால் தரையைத் தடவியபடி நின்ற இடத்திலிருந்து மெல்ல நகர்ந்தாள். வெதுவெதுப்பு. வெதுவெதுப்பு. பிறகு பாதத்தின் ஓரத்தில் ஊசி மாதிரி ஒரு குளிர்ச்சி. காலை எடுத்தாள், வைத்தாள். குளிர்ந்த நூல் ஒன்று கீழிருந்து வந்துகொண்டிருந்தது. ஊற்றுத் தண்ணீர்.

"இங்க."

"கால எடுங்க."

"எடுத்துட்டேன். போடுங்க."

முதல் போட்டில் பெயிண்ட் தெறித்தது. அடுத்ததில் உள்ளே காலியாக இருக்கிற சத்தம். லிப்ராதோ கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கி முழு உடம்போடு இறக்கினார். அது கையை விட்டு இறங்கிப் பாதி வரை தரைக்குள் போனது. பிடுங்கியபோது தண்ணீரின் மேற்பரப்பு குமிழ்ந்தது. மணலும் சிமெண்டுத் துண்டுகளும் வந்தன. பிறகு கலங்கல். பிறகு தெளிவாக, பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த தண்ணீர் முழங்காலில் மோதியது.

அவர்கள் அசையாமல் நின்றார்கள். தரை இன்னொரு முறை தெறித்தது. ஆனால் அடங்கிப்போகிற சத்தம். அதன் பிறகு இல்லை.

தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. வடிகாலில் போகிற அளவு கீழிருந்து வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வயலின் கடைக்கோடியிலிருந்து ஒரு சீழ்க்கை. கூகோ தொப்பியைக் கழற்றிச் சுற்றினார்.

"முடிஞ்சுது!" என்று கத்தினார். "கடைசியில வர்ற தண்ணி என்ன இவ்ளோ சில்லுன்னு? கால் மரத்துப்போச்சு!"

லிப்ராதோ கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.  தோமித்தீலா எலாதியோவின் கையைப் பிடித்து ஏணியில் ஏறினாள்.

*

மறுநாள் காலையில் பெரிய குளத்தின் தண்ணீர் விளிம்பு ஓடுகளைத் தொட்டது. கித்தான் குழாயை அவளே மடக்கினாள். புதுப் பூச்சிலிருந்து கிளம்பிய தூள் நீருக்குள் மேகமாக நின்றது. நீண்ட மூங்கிலில் மென்மையான பிரஷைக் கட்டி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்தாள். இனி நாள்தோறும் இதுதான். தூள் படிந்து இறுகினால் சொரசொரப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

வுல்ஃப்ரானோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். குளத்தை முழுக்கச் சுற்றினார். சில இடங்களில் குனிந்தார். ஓர் இடத்தில் சட்டைக் கையைச் சுருட்டிச் சுவரைத் தடவினார்.

"கோடு இல்ல," என்றார் கடைசியில். பாராட்டா, ஏமாற்றமா என்று குரலில் தெரியவில்லை.

"இல்ல."

"நாம சரியான முடிவுதான் எடுத்தோம்."

எலாதியோ மரத்தடியிலிருந்து, "குவாவுத்லாவுல சேவல் எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டார்.

வுல்ஃப்ரானோ காதில் விழாதவர் மாதிரி பழைய குளத்துக்குப் போனார். பாசிச் சுவர், தொங்கும் பெயிண்ட், தரையில் அடைப்பு பெயர்ந்து தலை அளவு ஓட்டை. அவர் கழுத்து சிவந்தது.

"இதை இப்படிக் காட்ட முடியாது. புதுசு வெள்ளையா இருக்கும்போது இது பக்கத்துல பிச்சைக்காரன் மாதிரி நிக்கும். பூச நேரமில்ல. இந்த ஒரு வருஷம், இது ஒண்ணுக்கு மட்டும் ஆசிட் ஊத்திடலாம். உங்க மருமகனை நாளைக்கு வரச் சொல்லுங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பின்னாலேயே வந்திருந்த அவள் கையில் பிரஷ் இருந்தது.  சுவர் ஓரமாகக் கீழே பார்த்தாள். ஓட்டையின் வாயில் மணல் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஊத்தலாம்," என்றாள். "மொதல்ல காய வைங்க."

"பம்பு போட்டா காயும்."

"போடுங்க."

அவர் பம்பு கொண்டுவரச் செய்தார். டீசல் புகையோடு அது இறைத்தது. தண்ணீர் கணுக்கால் வரை இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை. வுல்ஃப்ரானோ இன்னொரு பம்பைக் கூட்டுறவுக் கிடங்கிலிருந்து வரவழைத்தார். இரண்டும் ஓடின. ஓட்டையைச் சுற்றித் தரை கொஞ்சம் வெளிப்பட்டது. அவர் ஏணியில் இறங்கி அருகே போய்ப் பார்த்தார். டீசல் தீர்ந்து ஒரு பம்பு நின்றது. தண்ணீர் சத்தமில்லாமல் திரும்பி வந்தது.

"அடைச்சிடலாம்," என்றார், மேலே பார்த்து.

"அடைச்சா ராத்திரியே உப்பும். லிப்ராதோவைக் கேளுங்க, நேத்து கேட்ட சத்தத்தை."

"நான் கேட்டேன்," என்றார் லிப்ராதோ. "இனிமே அதுக்குள்ள எறங்கி அடைக்கறவன் நான் இல்ல. நஸரேனாரே வந்து சொன்னாலும் இல்ல."

"அப்ப புனித வாரத்துக்கு இதை என்ன பண்றது?"

"வடிகாலை மூடுங்க. அடியிலேர்ந்து தானா ஏறும். மிச்சத்தைக் குளத்து முறை வரும்போது ஊத்துலேர்ந்து விட்டுக்கலாம். குளிர்ந்த குளம்னு ஒரு பலகை எழுதி வைங்க. கூட்டம் முடிஞ்சதும், ஓட்டைக்கு நல்ல தக்கை போட்டு இதையும் பூசலாம்," என்றாள் தோமித்தீலா.

 வுல்ஃப்ரானோ ஓட்டையைப் பார்த்தபடியே நின்றார். தண்ணீர் அவருடைய ஷூவின் மேல் ஏறி, காலுறையை நனைத்து, இஸ்திரி மடிப்பை எட்டியது. மரத்தடியில் எலாதியோ சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகத் திரும்பியது. வெகு நேரம் இருமினார். 

"மருமகனை வரச் சொல்ல வேண்டாம்," என்றார் வுல்ஃப்ரானோ. ஏணியில் ஏறி, ஈரத் தடம் பதித்துக்கொண்டு போனார்.

தோமித்தீலா பெரிய குளத்துக்குத் திரும்பினாள். கிழக்குச் சுவர் இன்னும் தேய்க்காமல் கிடந்தது. மூங்கிலை நீருக்குள் இறக்கினாள்.